ஐந்து கிட்டாருக்கு ஒரே நிறம்

இனிமேல் என் ஆயுளில் இரண்டு பொருளுக்கு ஒரே நிறத்தில் பெயிண்ட் அடிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். ஜன்னலுக்குப் பச்சை அடித்தால் கதவுக்கு நீலம். ஊரே சிரித்தாலும் சரி. ஏற்கெனவே ஒருத்தி சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் பெயர் பொன்மலர். என் மனைவி. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ்.

என் பெயர் சாந்தகுமார். ஆம்பூரில் ஒரு டேனரியில் கிளார்க். தினமும் வேலூரிலிருந்து ரயிலில் போய் வருகிறேன். சாயங்கால ரயிலில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். பதப்படுத்திய தோலின் மகிமை அது.

சிலருக்குத் தபால்தலைப் பைத்தியம். சிலருக்குப் புறாப் பைத்தியம். எனக்கு எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார். நாலே நாலு தந்தி. பாட்டு கேட்கும்போது அது இருப்பதே யாருக்கும் தெரியாது. அதை நிறுத்திப் பாருங்கள், பாட்டு காலொடிந்த கட்டிலாகிவிடும். குடும்பத்தில் என் நிலைமையும் அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நிறுத்தினால் வீடு இன்னும் நன்றாக நடக்கும் என்பது பொன்மலரின் கருத்து.

முதல் கிட்டார் கல்யாணத்துக்கு முன்பே சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியது. அதைப் பொன்மலர் சகித்துக்கொண்டாள். இரண்டாவது, பெங்களூரில் ஓட்டல் பேண்டில் வாசித்த ஓர் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது விற்றது. அதை நான் வாசலில் இறக்கியதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது இன்னா?"

"கிட்டார்."

"உள்ள இருக்கறது?"

"அதுவும் கிட்டார்தான். ஆனா இதோட குரல் வேற."

"எனக்கு ரெண்டும் பக்கத்து வீட்ல மாவு இடிக்கிற மாதிரிதான் கேக்குது. இதோ பாருங்க, ஒரு வீட்டுக்கு ஒரு கிட்டார். ரெண்டாவது வந்தா ரெண்டும் வெளிய போய்டும்."

சட்டம் அன்றே அமலுக்கு வந்தது. இரண்டாவதை விற்றுவிட்டதாகச் சொல்லி, ஆம்பூர் டேனரியில் என் நண்பர் நசீர் அகமதுவிடம் ஒப்படைத்தேன். நசீர் பாய் அங்கே ஃபினிஷிங் பிரிவு மேஸ்திரி. பதமான தோலுக்கு ஸ்ப்ரே கன்னால் நிறமடித்து, ஷூவாகப் போகும் தகுதியை அதற்குக் கொடுப்பவர்.

பைத்தியம் சட்டத்துக்குக் கட்டுப்படுமா? கோலார் தங்கவயலில் ஒன்று கிடைத்தது. அப்புறம் முதலாவதை அளவெடுத்து சைதாப்பேட்டை ஆசாரி ஒருவரிடம் ஒன்று செய்யச் சொன்னேன். அவர் அதுவரை கதவு மட்டுமே செய்தவர். கிட்டாரையும் கதவாகவே செய்துகொடுத்தார். தோளில் மாட்டினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன். ஐந்தாவதுதான் ராஜா. டேனரிக்கு மெஷின் பொருத்த வந்த ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது எனக்கு விட்டுச் சென்றது. அதன் அடித்தந்தியைத் தட்டினால் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ அன்பாகக் கூப்பிடுவது போல இருக்கும். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கும்.

ஐந்தையும் வாசிக்க வேண்டும். வீட்டில் ஒன்றுதான் இருக்கலாம். யோசித்து யோசித்து என் தலைமுடி கொட்டியது. ஒருநாள் நசீர் பாய் வரிசையாகத் தொங்கிய தோல்களுக்குச் செர்ரி நிறம் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆட்டின் தோல். ஒன்றில் முள் கீறல், ஒன்றில் மச்சம். நிறம் அடித்து முடித்தபோது எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகிவிட்டன.

என் ஐந்து கிட்டாருக்கும் உருவம் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டு கொம்பு, நீளக் கழுத்து. நிறம்தான் வேறு. அதற்கப்புறம் நான் சொல்ல வேண்டுமா? வீட்டிலிருந்த முதலாவதையும் கொண்டுபோனேன். பெயிண்ட் அடிக்க என்று வீட்டில் சொன்னேன், அதாவது உண்மையையே சொன்னேன். மறுநாள் ஐந்தும் செர்ரி நிறத்தில் பளபளத்தன. ஐந்துக்கும் ஒரே மாதிரி தோல் வார், ஒரே தோல் பை. நசீர் பாய்க்கு மட்டும் ஒரு சந்தேகம். தோலுக்கு அடிக்கிற நிறம் மரத்தில் ஒட்டுமா, வேர்வை பட்டால் விடுமே என்றார். கலைஞனுக்கு வேர்க்காது என்றேன்.

வேர்த்தது. வெள்ளைச் சட்டை ஒவ்வொன்றிலும் தொப்பை இருக்கும் இடத்தில் செர்ரி நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது. பொன்மலர் துவைக்கும்போது எடுத்துக் காட்டுவாள். டேனரி என்பேன். டேனரியில் வயிற்றால் வேலை செய்கிறீர்களா என்பாள்.

மற்றபடி திட்டம் எண்ணெய் போட்ட சக்கரமாக ஓடியது. சனிக்கிழமைதோறும் வீட்டிலிருக்கும் கிட்டாரை 'சர்வீஸுக்கு, நசீர் பாய்கிட்ட' என்று சொல்லி ஆம்பூருக்கு எடுத்துப்போவேன். சாயங்காலம் இன்னொன்றோடு திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடகர் குழுவோடு அதை வாசிப்பேன். பொன்மலர் ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். நர்ஸுக்குக் குழந்தையைப் பற்றித் தெரியும், கிட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று இளக்காரமாக நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் கிட்டாரின் தலைக்குப் பின்புறம் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர். கேட்டேன். விரிசல் மாதிரித் தெரிந்தது, ஒட்டினேன் என்றாள். எனக்கு உருகிவிட்டது. அவள் ஓட்டை வாளிக்கும் பிளாஸ்டர் ஒட்டுகிறவள். என் மூக்குக்கண்ணாடி காலுக்கும் ஒட்டியிருக்கிறாள். அடுத்த வாரம் வேறு கிட்டார் வந்தது. அதில் இரண்டு துண்டு ஒட்டினாள். விரிசல் அதிகமாகியிருக்கிறதாம். அதற்கடுத்த வாரம் மூன்று. பின்னால் ஒரு நாள் முதல் கிட்டார் திரும்பி வந்தபோது அதில் ஒரே துண்டு. நானே முந்திக்கொண்டு, "சர்வீஸ்ல சரி பண்ணிட்டாங்க, இப்ப விரிசல் கம்மி" என்றேன். அவளும் சந்தோஷப்பட்டாள். இந்தச் சந்தோஷத்தைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அந்த வருஷம், எண்பத்து மூன்றில், அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபையில் அன்று அவரவர் விளைச்சலை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். பூசணி, சேவல், முட்டை, கரும்பு, ஜாக்கெட் துணி. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். சபைக்கு வெளியே இருந்தும் யார் வேண்டுமானாலும் வந்து எடுக்கலாம். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, பொருளை மறுபடியும் ஆலயத்துக்கே கொடுக்கலாம். அது மறு ஏலத்துக்கு வரும். ஒரே எலுமிச்சம்பழம் சுற்றிச் சுற்றி வந்து, ஓர் ஆட்டின் விலைக்கு மேல் போன வருஷமெல்லாம் உண்டு.

பண்டிகைக்கு முந்தின வாரம் சபைக் குரு ஜெபராஜ் ஐயா வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். டீயை நீட்டிக்கொண்டே பொன்மலர், இந்த வருஷம் எங்கள் காணிக்கை கிட்டார்தான் ஐயா என்றாள். ஐயாவே தயங்கினார்.

"உங்ககிட்ட இருக்கறதே ஒண்ணுதானே தம்பி?"

பொன்மலர் என் முகத்தையே பார்த்தாள். நான் கணக்குப் போட்டேன். கதவை, அதாவது ஆசாரி செய்ததைத் தள்ளிவிடலாம். நல்ல பெயரும் கிடைக்கும். மீதி நாலும் டேனரியில் பத்திரம். தலையைத் தாழ்த்திக்கொண்டு, குரலில் கொஞ்சம் துக்கம் கலந்து, "ஒண்ணே ஒண்ணுதான் ஐயா. இருந்தாலும் ஆலயத்துக்குத்தானே" என்றேன். ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சனிக்கிழமை ஆசாரி கிட்டாரை ரயிலில் ஏற்றி வருவதற்குள் என் தோள்பட்டை இறங்கிவிட்டது. அதுவும் கடைசித் தடவை என்று பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய வளாகத்தில் பந்தல். டிரில் மாஸ்டர் சுந்தர்ராஜ்தான் ஏலம் விடுகிறவர். மைக் இருந்தாலும் அதற்கு வேலை வைக்காத குரல். ஏலம் போன பொருளை வாங்கியவரிடம் பக்கவாட்டு அறையில் ஒப்படைப்பது பெண்கள் சங்கத்தின் பொறுப்பு. சங்கத்தின் செயலாளர் பொன்மலர்.

என் கிட்டார் மேசைக்கு வந்தது. ஒருவர் தன்னிடமிருந்த ஒன்றே ஒன்றையும் கொடுத்திருக்கிறார் என்று ஜெபராஜ் ஐயா சொன்னார். சபை என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன். லைட் மியூசிக் குழு வைத்திருக்கும் பேரணாம்பட்டு ஆபித் பாஷா நல்ல விலைக்கு எடுத்தார். கைதட்டல். கதவு தொலைந்தது என்று நானும் தட்டினேன்.

இரண்டு பூசணிக்கப்புறம் கிட்டார் மறுபடியும் மேசைக்கு வந்தது. ஆபித் பாஷா தாராள மனசுக்காரர், திருப்பிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன். குடியாத்தம் லுங்கி வியாபாரி செங்கல்வராயன் தன் மகனுக்காக எடுத்தார். ஒரு சேவல் போனது. மூன்றாம் தடவை கிட்டார் வந்தது. சபை உற்சாகமாகிவிட்டது. எலுமிச்சம்பழத்தின் சாதனையை என் கிட்டார் முறியடிக்கப்போகிறது என்று எனக்கும் ஒரே பூரிப்பு.

அப்போதுதான் தற்செயலாக கேட் பக்கம் பார்த்தேன். ஆபித் பாஷா ஒரு கிட்டாரை ஸ்கூட்டர் பின்சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். செர்ரி நிறம்.

மேசையைப் பார்த்தேன். மேசை மேலும் கிட்டார். கேட்டைப் பார்த்தேன். அங்கேயும் கிட்டார். அவருக்குச் சற்றுத் தள்ளி எங்கள் டேனரி வேன் நின்றது. வேனிலிருந்து நசீர் பாய் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

அவரிடம் ஓடினேன். "சிஸ்டர் நேத்தே சொல்லி அனுப்சாங்களே சார், நீங்க எல்லாத்தையும் கேக்கறீங்கன்னு. பத்திரமா கொண்ணாந்துட்டேன், ஒரு கீறல் இல்ல" என்றார். அவரை என்ன சொல்வது? பக்கவாட்டு அறைக்கு ஓடினேன். பொன்மலர் முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பொன்மலர், மேசை மேல இருக்கறது இன்னா?"

"கிட்டார்."

"அப்ப கேட்டாண்ட இருக்கறது?"

"அதுவும் கிட்டார்தான்."

"நான் ஒண்ணுதானே குடுத்தேன்?"

"நம்மகிட்ட இருக்கறதே ஒண்ணுதானேங்க?"

எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டேன்.

"எங்க வார்டுல ஒரே நாள்ல பத்துக் குழந்தை பொறக்கும். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பிளாஸ்டர் ஒட்டித்தான் எது எதுன்னு வெச்சிப்போம்."

"நான் இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்."

"போய்ச் சொல்லுங்க. ஐயா மைக்காண்டதான் நிக்கிறாரு."

போகவில்லை. எப்படிப் போவேன்? என்ன சொல்வேன்? அய்யோ, அது வேறு கிட்டார், ஐயாவிடம் நான் சொன்னது பொய் என்றா? பந்தலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். மூன்று பிளாஸ்டர் ஒட்டிய தங்கவயல் கிட்டார் போனது. நான்கு பிளாஸ்டர் ஒட்டிய பெங்களூர் கிட்டார் போனது. ஒவ்வொரு தடவையும் சபை எழுந்து கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நானும் கைதட்டினேன். தட்டாவிட்டால் சந்தேகம் வருமே.

ஐந்தாவதாக மேசை மேல் ஏறியது என் ஜெர்மன் ராஜா.

எனக்கு அதற்கப்புறம் மானம், வெட்கம் ஒன்றும் ஞாபகமில்லை. சுந்தர்ராஜ் விலை சொல்வதற்குள் கையைத் தூக்கினேன். யாரோ ஏற்றினார்கள், நான் ஏற்றினேன். போனஸ் வரும் என்ற தைரியத்தில் ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் எதிர்க்குரல் அடங்கியது. ராஜாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சட்டையெல்லாம் செர்ரி நிறம். கவலையில்லை. நாலு போனாலும் ஒன்று மிஞ்சியது, வீட்டுக்கு ஒரு கிட்டார், சட்டப்படியும் சரி.

அப்போது மைக்கில் பொன்மலரின் குரல் கேட்டது. கொடுத்ததைத் திரும்ப எடுத்துப்போகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, ஆலயத்திலேயே நிரந்தரமாக இருக்கட்டும் என்றுதான் என் வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்தார் என்றாள். பந்தல் அதிர்ந்தது. ஜெபராஜ் ஐயா வந்து ராஜாவை என் கையிலிருந்து மெல்லப் பிரித்து எடுத்தார். நான் விடவில்லை. சந்தோஷத்தில் விட முடியவில்லை போலும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். ராஜா பாடகர் குழு அலமாரிக்குள் போனான். சாவி பெண்கள் சங்கச் செயலாளரிடம். இனி ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் அவனை வெளியே விடுவார்களாம்.

வீட்டுக்குப் போகும் ரிக்ஷாவில் நான் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். பொன்மலர் மடியில் ஏலத்தில் எடுத்த பூசணி. தோட்டப்பாளையம் திரும்பும் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. இப்படிப் பண்ணிட்டியே, உனக்கு மனசாட்சியே இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

அவள் பூசணியை ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஐயாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான்னு சொல்லிட்டீங்க. நீங்க சொன்னது பொய்யாய்டக் கூடாதேன்னு நான் எவ்ளோ பாடுபட்டேன் தெரியுமா?"