நான்காவது கால்

பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஓர் அறிவிப்பு வெளியிட்டேன். இனி இந்த வீட்டுக்குள் கடைச் சாமான் நுழையாது. உட்காருவது, சாய்வது, படுப்பது எல்லாமே என் கையால் ஆனதாக இருக்கும்.

என் மனைவி எனக்கு முன்பே ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். மனத்துக்குள் நானும் அப்படித்தான். அவள் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க வெச்சு செய்வீங்க?"

"பின்னறையில. அதான் பட்டறை."

"அது எனக்கு வேணும். டியூஷன் எடுக்கலாம்னு இருக்கேன்."

"அறைன்னு இருக்கிறதே அது ஒண்ணுதானே!"

"அப்ப முதல்ல வராந்தாவுல கத்துக்குங்க. ரெண்டு மாசம். நீங்க செஞ்சது ஏதாவது ஒண்ணுல எங்க அக்கா வீட்டுக்காரர் உட்காரணும். ஆடாம நின்னா அறை உங்களுக்கு. ஆடிச்சுன்னா எனக்கு."

என் சகலை உட்காருவதற்கு முன்பே பல நாற்காலிகள் கண்ணை மூடிக்கொள்ளும். இருந்தாலும் வீரம் விடவில்லை.

"சரி, எழுது. ஆனா 'ஏதாவது ஒண்ணு'ன்னு பொத்தாம்பொதுவா எழுதாதே. முப்பத்தோரு வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவன் நான். 'நாற்காலி'ன்னு தெளிவாப் போடு."

போட்டாள். இருவரும் கையெழுத்திட்டோம்.

மரத்தைப் பற்றி எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. முதல்முறை இழைப்புளியைத் தள்ளியபோது, அழுக்குப் பலகைக்குள்ளிருந்து ஓர் ஆறு வெளியே வந்தது. வரிவரியாக ஓடி, ஒரு கணுவைச் சுற்றிச் சுழித்து, மறுபடி நேராக ஓடியது. எத்தனை மழையை அந்த மரம் இப்படி எழுதி வைத்திருக்கிறது! ஒரு பிழையும் இல்லை. நான் திருத்த ஒன்றுமே இல்லாத பக்கத்தை அன்றுதான் பார்த்தேன்.

பிழையெல்லாம் நான் கால் வைத்த இடத்தில் தொடங்கியது.

வட்டப் பலகையில் நான்கு கால் பொருத்தினேன். முதுகு பிறகு. நிமிர்த்தி வைத்தேன், ஆடியது. நீண்டிருந்த காலில் கால் அங்குலம் அறுத்தேன். உடனே அடுத்த கால் நீண்டது. அதில் அரைக்கால் அங்குலம். மூன்றாவது கால் கோபித்துக்கொண்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், அதன் குமிழியே தலைசுற்றி ஒதுங்கியது. ஒரு வாரத்தில் நாற்காலி முழங்காலுக்குக் கீழே இறங்கியது. மறுவாரம் கணுக்காலுக்கு.

"என்னங்க, இது உட்காரவா, தலைக்கு வெச்சுக்கவா?"

"சமன்படுத்திக்கிட்டு இருக்கேன்."

"தரைக்குச் சமமாவா?"

இரண்டு மாதம் முடியும் ஞாயிற்றுக்கிழமை சகலை வருவதாக இருந்தது. அன்று மதியம் கெடு முடிந்த கைதியைப் போலப் படுத்து, தோற்றவனைப் போலத் தூங்கிவிட்டேன். விழித்தது சகலையின் குரல் கேட்டு.

"அடேங்கப்பா! சகலை, நீங்களா செஞ்சீங்க?"

வராந்தாவுக்கு ஓடினேன். அவர் உட்கார்ந்திருந்தார். முன்னே சாய்ந்தார், பின்னே சாய்ந்தார், சிரித்துக் குலுங்கினார். கீழே இருந்தது அசையவில்லை. என் வட்டப் பலகைதான். பழைய துளைகளை மரத்துண்டால் அடைத்திருந்த இடம் விரலுக்குக்கூடத் தட்டுப்படவில்லை. மிச்சச் சட்டத்தில் செதுக்கிய புதுக் கால்கள், நடனமாடப் போகிறவள் பாதத்தைப் போல லேசாக விரிந்து நின்றன. மூன்றே கால்கள்.

"யாரு செஞ்சது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நான்தான்," என்றாள் டீச்சர். "ரெண்டு மாசமா நீங்க தினம் மத்தியானம் தூங்குறீங்க. உளி தூங்கலையே. மூணு புள்ளி வெச்சா எந்தத் தரையிலயும் ஆடாதுங்க. ஒன்பதாங்கிளாஸ் பசங்களுக்கே தெரியும்."

எனக்காகத் தன் அறையையே விட்டுக்கொடுத்திருக்கிறாள்! நாற்பது வருடம் கூட வாழ்ந்தும் இந்த மனசை நான் படிக்கவில்லையே.

"அப்ப அறை எனக்குத்தானா?"

"அது எப்படி? செஞ்சது நானு. அது போகட்டும், யார் செஞ்சிருந்தாலும் இது முக்காலி. 'நாற்காலி'ன்னு தெளிவாப் போடச் சொன்னது யாருங்க?" என்றாள் டீச்சர்.

"உங்க நாற்காலி அந்தா இருக்கு," என்று மூலையைக் காட்டினாள். என் நான்கு கால்களும் அங்கே ஒரு துண்டுப் பலகையில் பொருத்தப்பட்டிருந்தன. சகலை எழுந்துபோய் அதில் உட்கார்ந்தார். அது ஆடவில்லை. படுத்துவிட்டது.

மறுநாள் பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. வாய்ப்பாடு கேட்கும் என்று காதை வைத்தேன். கேட்டது இழைப்புளி. மூச்சுவிடுவது போல, ஒரே சீராக.

இடுக்கு வழியே பார்த்தேன். பலகையிலிருந்து ஒரே சீவல், அறுபடாமல், வெளிச்சம் ஊடுருவும் மெல்லிசில் எழுந்து அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. பிறகு தயங்கித் தட்டினேன்.

"டீச்சர்... நானும் உள்ள வரலாமா?"

"தாராளமா வாங்க," என்றாள். "வரும்போது துடைப்பத்தை எடுத்துக்கிட்டு வாங்க."