எதிர்வீட்டு மாடிவரை ஒரு வெளியூர்ப் பயணம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் என் பல் செட் கிண்ணத்துத் தண்ணீரிலேயே கரைந்து போகட்டும். போன மாதம் கட்டிய புதுப் பல். அதை வைத்துச் சத்தியம் பண்ணுகிறவன் விளையாட்டுக்குப் பேசுவானா?

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். பெயர் எதற்கு, தெருவே அவரை அகராதி என்றுதான் கூப்பிடும். பிடிவாதத்துக்குப் பாதி, பிழைப்புக்குப் பாதி என்று வைத்த பெயர். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதி அகராதி போடுகிற அலுவலகத்தில் வேலை. அங்கே ஆளுக்குச் சில எழுத்துகள். கொழுத்த எழுத்துகளையெல்லாம் மற்றவர்கள் வளைத்துக்கொண்டார்கள். இவருக்கு மிஞ்சியது எக்ஸ், ஒய், இஸட். கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டு மாதிரி மூன்றிலும் ஒன்றும் கிடையாது.

அந்த ஒய்யிலிருந்துதான் வினை வந்தது. 'யேர்னிங்' என்ற சொல்லுக்கு நேரே 'ஏக்கம்' என்று எழுதிக் கொடுத்தார். பதிப்பாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா இது? எல் எழுத்துக்காரர் 'லாங்கிங்'குக்கு ஏக்கம்னு எப்பவோ எழுதிக் கொடுத்துட்டார். நீங்களும் ஏக்கம்னா எப்படி?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"ஒண்ணுன்னா இங்கிலீஷ்காரனுக்கு எதுக்குய்யா ரெண்டு வார்த்தை?"

"ரெண்டு தடவை ஏங்கியிருப்பான் சார்."

பதிப்பாசிரியர் சிரிக்கவில்லை. அவர் கடைசியாகச் சிரித்தபோது அகராதி ஏ எழுத்தில் இருந்தது.

"அடுத்த வாரத்துக்குள்ள வித்தியாசம் என்னன்னு எழுதிக் கொண்டாங்க. கீழே ஒரு உதாரண வாக்கியம். நீங்களா இட்டுக்கட்டக் கூடாது. நிஜமா ஒருத்தர் ஏங்கிச் சொன்னதா இருக்கணும், கேட்டதுக்கு ஒரு ஆள் இருக்கணும். முடியலேன்னா, 'லாங்கிங் காண்க'ன்னு ஒரே வரியில முடிச்சுடுவேன்."

காண்க! அகராதிக்காரனை அதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. ஒய் வீட்டுப் பிள்ளையை எல் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற மாதிரி.

மனிதர் அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்தார். வந்தவர் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். அப்போதுதான் திரும்பி வந்து சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இவர் சட்டையைக் கழற்றியபடியே கேட்டார்.

"ஏம்மா, நீ எப்பவாச்சும் எனக்காக ஏங்கியிருக்கியா?"

"எப்ப?"

"நான் இல்லாதப்ப."

"நீங்க எப்பங்க இல்லாம இருந்தீங்க?"

"ஆபீஸ் போறேன்ல?"

"போறீங்க. கண்ணாடியை மறந்துட்டேன்னு திரும்பி வர்றீங்க. குடையை மறந்துட்டேன்னு மறுபடி வர்றீங்க. ஒண்ணும் மறக்காத அன்னிக்கு, எதையாவது மறந்துட்டேனான்னு கேட்க வர்றீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கு ஏங்கறதுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்திருக்கீங்களா? எனக்கும் ஆசை இருக்காதா?"

"எதுக்கு ஆசை?"

"ஒரு தடவை ஏங்கிப் பார்க்கத்தான்."

சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். உரித்தது அந்த அம்மாள், கண்ணில் தண்ணீர் வந்தது இவருக்கு.

தமாஷாகச் சொன்ன பேச்சுதான். வேறு யாராவது இருந்தால் சிரித்துவிட்டுக் கை கழுவப் போயிருப்பார்கள். இவர் உத்தியோகமே வார்த்தையைப் பிளந்து பார்ப்பது. இதையும் பிளந்தார். இத்தனை வருஷம் ஒரு வீட்டில் இருந்து, ஒருத்திக்கு ஒரு பெருமூச்சுக்குக்கூட நாம் ஆகவில்லையா? மூலையில் இருக்கும் அலமாரியா நாம்? அலமாரியையாவது திறந்து பார்ப்பார்களே! பதிப்பாசிரியர், காண்க, எல்லாம் மறந்துபோனது. நான் இல்லாவிட்டால் இவள் என்னைத் தேடுவாளா, மாட்டாளா? அது தெரிந்தாக வேண்டும்.

மறுநாளே அறிவித்தார்.

"கிளை ஆபீஸ்ல வேலை. திங்கட்கிழமை வெளியூர் போறேன். வெள்ளிக்கிழமைதான் வருவேன்."

"சரிங்க."

அவ்வளவுதான். எந்த ஊர் என்று கேட்கவில்லை, எதற்கு என்று கேட்கவில்லை. அவர் இரண்டு மூன்று பதில்கள் தயாரித்து வைத்திருந்தார். அத்தனையும் வீண். இதில் பெட்டியை வேறு அந்த அம்மாளே மளமளவென்று கட்டிக்கொடுத்தார். அந்த வேகம்தான் மனிதரைக் கொன்றது.

ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை பெட்டியோடு கிளம்பியவர், தெருமுனை திரும்பி, சந்துக்குள் புகுந்து, சுற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தார். எதிர்வீடு ஒரு மெத்தைக்காரருடையது. கீழே மெத்தை தைக்கும் கடை, மேலே பஞ்சு மூட்டை அடுக்கும் மாடி. அந்த மாடிச் சன்னலில் நின்றால் இவர் வீட்டு முன்னறையும் சமையலறையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி தெரியும்.

"மச்சான், வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்க மாடி வேணும்."

"எதுக்கு மாப்ளே?"

"என் பொண்டாட்டி ஏங்கறதைப் பார்க்க."

மெத்தைக்காரர் கையிலிருந்த ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு யோசித்தார். "தாராளமா இரு. ஆனா ஒண்ணு, மனசுல வச்சுக்கோ. தங்கச்சி கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அவ எப்படிக் கேட்பா? அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

மாடிக்குப் போனதும் தும்மல் ஆரம்பித்தது. பஞ்சுத் தூசி. இவர் தும்மல் சாதாரணத் தும்மல் இல்லை. இவர் தும்மினால் நிறுத்தி வைத்த சைக்கிள் மணி தானாக அடிக்கும். மூக்கில் தலையணையை அமுக்கிக்கொண்டு தும்மினார். தலையணைக்குள்ளும் பஞ்சு.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தார். முன்னறையில் இவருடைய சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. அந்த அம்மாள் அதன் எதிரே நின்றார். நாற்காலி முதுகின்மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

இவர் தலையணையைக் கீழே போட்டார். இதோ! தேடுகிறாள்! வெள்ளிக்கிழமைவரை தாங்கமாட்டாள், பாவம். இப்போதே ஓடிப்போய்விடலாமா என்று ஒரு காலைப் படியில்கூட வைத்துவிட்டார்.

அதற்குள் அந்த அம்மாள் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டில் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் பாயை விரித்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, கையையும் காலையும் நட்சத்திரம் மாதிரி விரித்துப் படுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம். பக்கத்துவீட்டு அக்கா வந்தார். இரண்டு பேரும் பேசினார்கள், சிரித்தார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா போன பிறகு மனைவி பாடினார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்றே இவருக்குத் தெரியாது. நாம் இல்லாத வீட்டில்தான் பாட்டு வருமா? இவர் ஒரு காய்ந்த ரொட்டியை டீயில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டார். எதிரே எண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை தெருவைத் தாண்டி வந்து, மூக்கைப் பிடித்து இழுத்து, சன்னல் கம்பியில் கட்டிப்போட்டது.

போதாக்குறைக்கு அந்த அம்மாள் காலையும் மாலையும் தெருவைத் தாண்டி மெத்தைக் கடைக்கே வந்தார். வாசல் கதவு திறந்தவுடனே இவர் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே பாய்ந்து ஒளிந்துகொள்வார். கீழே ஏதோ பேச்சுச் சத்தம். போன பிறகு இறங்கி வந்து கேட்பார்.

"மச்சான், அவ என்ன கேட்டா?"

"ஒண்ணுமே கேட்கலை மாப்ளே."

"என்னைப் பத்தி?"

"ஒரு வார்த்தை கேட்கலை."

மனிதர் திரும்பிப் படியேறும்போது ஒவ்வொரு படியும் ஒரு ஆள் உயரம் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவருக்கு மனசு உடைந்துவிட்டது. சன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த இரண்டு சொற்களும் தனித்தனியாகப் பிரிந்து எதிரே வந்து நின்றன. எல் எழுத்துக்காரருடைய லாங்கிங் இருக்கிறதே, அது தூரத்தில் இருப்பதை நினைப்பது. மலைக்கு அந்தப்பக்கம், கடலுக்கு அந்தப்பக்கம். பஸ் கிடைத்தால் பாதி தீரும். அதற்கு உட்கார்ந்து பெருமூச்சு விட இடமுண்டு. அது ஏக்கம், சரி. ஆனால் யேர்னிங்? கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. வாசனை வருகிறது. பாட்டுக் கேட்கிறது. போய்த் தொட முடியவில்லை. அதற்கு நிற்கக்கூட இடம் கிடையாது. அது தவிப்பு.

மெத்தைக்காரர் டீயோடு மேலே வந்தார். இவர் திரும்பாமலே சொன்னார்:

"மச்சான், அவ அங்க இருக்கா, நான் இங்க இருக்கேன், நடுவுல நான் சொன்ன பொய் படுத்துக்கிட்டு இருக்கு. தாண்ட முடியலை."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதுவே உதாரண வாக்கியம். இட்டுக்கட்டாதது. கேட்டதற்கு ஆளும் இருந்தார். ஒய் எழுத்து பிழைத்தது. அதில் அவருக்கு ஒரு துளி சந்தோஷம் இருந்திருந்தால் என்னை ஏனென்று கேளுங்கள். மனைவியின் வாயிலிருந்து வர வேண்டிய வாக்கியம் தன் வாயிலிருந்தல்லவா வந்தது!

இருட்டியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

"யாருங்க?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"உன் புருஷன்டி."

"அவர் வெளியூர் போயிருக்காரே. வெள்ளிக்கிழமைதான் வருவார்."

"விளையாடாதே. கதவைத் திற."

"தெரியாத ஆளுக்குத் திறக்காதேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்."

"சொன்னவனே நான்தான்! நானே சொல்றேன், திற!"

"அப்ப வெள்ளிக்கிழமைன்னு அவர் சொன்னது பொய்யா? சேச்சே. என் வீட்டுக்காரர் அகராதி எழுதறவருங்க. அவர் வெள்ளிக்கிழமைன்னா அதுக்கு வெள்ளிக்கிழமைன்னுதான் அர்த்தம்."

மனிதர் பெட்டியைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"எப்பலேர்ந்து தெரியும்? தும்மினப்பவா?"

"தும்மல் சாயங்காலம்தானே கேட்டுச்சு. பஸ் நிலையத்துக்கு இடது பக்கம் திரும்பணும். நீங்க காலையில வலது பக்கம் திரும்பினீங்க."

காலையிலேயே! அப்படியென்றால் சிரித்தது, பாடியது, படுத்தது எல்லாமே இவர் பார்க்கிறார் என்று தெரிந்தேதான். இவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டார்.

"முதல் நாள் என் நாற்காலி மேல கை வச்சுக்கிட்டு நின்னியே, அது... அதுவும் எனக்குக் காட்டறதுக்குத்தானா?"

அந்த அம்மாள் சங்கிலி இடுக்கு வழியாக இவர் முகத்தைப் பார்த்தார். முகத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை வாங்க, சொல்றேன்."

கதவு சாத்திக்கொண்டது.

மறுபடி பெட்டி, மறுபடி எதிர்வீடு. கடையில் மெத்தைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னால் அடுக்கு டப்பா. அதன் மூடியில் ஒரு நெளிவு. அந்த நெளிவு இவருக்குத் தெரியும். அவரே கீழே போட்டு நெளித்தது.

"மச்சான், இது எங்க வீட்டு டப்பா."

"ஆமா மாப்ளே. திங்கட்கிழமையிலேர்ந்து தங்கச்சி ரெண்டு வேளையும் கொண்டாந்து கொடுக்குது. 'அவருக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காதுண்ணே, பட்டினி கிடந்தார்னா என்னால தாங்க முடியாது'ன்னு ஒரே கண்ணீர்."

இவர் ஒரு மெத்தைமேல் உட்கார்ந்தார். "கண்ணீரா? ஏன் என்கிட்ட சொல்லலை?"

"'என்ன கேட்டா'ன்னு கேட்டே, 'ஒண்ணும் கேட்கலை'ன்னேன். 'என்ன கொடுத்தா'ன்னு நீ கேட்கவே இல்லையே?"

"சாப்பாட்டை?"

"நீ பாட்டுக்குச் சன்னல்ல நின்னு ஏங்கிக்கிட்டு இருந்தே. நடுவுல வந்து கெடுக்க வேணாம்னு நானே சாப்பிட்டுட்டேன்." மெத்தைக்காரர் கடைசித் தட்டை வழித்து விரலை நக்கினார். "உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல் மாப்ளே. அழுதுக்கிட்டே சமைச்சிருக்கும்போல."

உங்களுக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன். யார் சொன்னது என்று அந்த அம்மாள் கேட்டால் மட்டும், காற்றில் வந்தது என்று சொல்லிவிடுங்கள். நான் இதே தெருவில் இன்னும் கொஞ்ச நாள் குடியிருக்க வேண்டும்.