பொரித்த ஆப்பிள் பழமா, பலகாரமா?

சித்தூர்,
திங்கட்கிழமை காலை

கர்த்தருக்குள் மிகுந்த பிரியமும் என் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கோபமும் கொண்ட எலிசா அக்காவுக்கு, தம்பி நேசகுமார் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் கிரேஸும் தேவகிருபையால் சுகமாக இருக்கிறோம். என் வலது முன்கையில் எண்ணெய் தெறித்த கொப்புளங்களையும், இடது புருவத்தில் பாதி காணாமல் போனதையும் தவிர வேறு குறையில்லை. வெதுருகுப்பத்தில் உன் முட்டிவலி தணிந்து, நீயும் உன் கோழிகளும் நலமாக இருக்க நாங்கள் தினமும் ஜெபிக்கிறோம்.

நீ என் போனை எடுப்பதில்லை. நான் அனுப்பும் காலை வசனங்கள்கூட ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. "நைனா, அத்த உன்ன பிளாக் பண்ணிட்டாங்க" என்று நம் பிள்ளை ஜெர்ரிதான் கண்டுபிடித்துச் சொன்னான். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன். மைதானத்தில் விசில் ஊதியே ஆயுளைக் கழித்த பி.டி. மாஸ்டருக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நேற்று நம் வீட்டில் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அக்கா, அவர் சாப்பிட்டார்! நம் வீட்டில், நம் அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிட்டார்! சரி, முதலிலிருந்தே வருகிறேன்.

ஜெர்ரி பெங்களூரில் தன்னோடு வேலை பார்க்கும் ஹரிப்ரியாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான் என்று நான் உன்னிடம் சொன்ன அன்று நீ ஒரு கேள்வி கேட்டாய். "நம்ம வூட்ல பச்சத்தண்ணி குடிக்காதவங்களாண்ட உனுக்கு இன்னாடா சம்மந்தம்?" என்றாய். நீ கேட்டதில் தப்பில்லை. பெண்ணின் அப்பா நரசிம்மன் திருப்பதியில் பழங்களை மொத்தமாக வாங்கி விற்கிறவர். நல்ல மனிதர், ஆனால் பெரிய ஆசாரக்காரர். வெளியில் கை நனைக்க மாட்டார். சொந்த மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்கே தண்ணீர் பாட்டிலோடு போய்விட்டு வந்தவர் என்று கேள்வி. அவர் ஜெர்ரியைப் பற்றி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழம வந்து வீட்டப் பாக்குறேன். மத்தது பெருமாள் விட்ட வழி" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஜெர்ரி பெங்களூரிலிருந்து வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நைனா, அவரு நம்ம வூட்ல ஒரு வாய் துன்னுட்டாருன்னா கல்யாணம் முடிஞ்ச மாதிரி. துன்னலன்னா அவ்ளோதான்" என்றான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

இதற்கு நடுவில், வெறுங்கையோடு வரக்கூடாது என்று அவர் முந்தின வாரமே ஒரு பெட்டி ஆப்பிளைப் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார். பெட்டியைத் திறந்தால் வீடெல்லாம் வாசனை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஜெர்ரி சொன்ன இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்தது. அவர் எந்த வீட்டிலும் பழம் மட்டும் சாப்பிடுவாராம், பழத்துக்குத் தோஷம் இல்லையாம். நான் துள்ளி எழுந்தேன். கிரேஸ், "அப்போ ஒரு வாழப்பழத்த உரிச்சிக் குடுத்து அனுப்புங்க" என்றாள். வாழைப்பழம் கொடுத்தால் அது உபசாரம்தானே தவிர விருந்தாகுமா? தட்டில் வைத்துப் பார்த்தால் பழமாக இருக்க வேண்டும், அதே நேரத்தில் நம் அடுப்பில் ஏறி இறங்கியும் இருக்க வேண்டும். இப்படி ஒரு பண்டம் உலகத்தில் உண்டா என்று போனில் தேடினால், இருக்கிறது அக்கா! ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஆப்பிளை வளையம் வளையமாக நறுக்கி, மாவில் முக்கி, எண்ணெயில் பொரித்து, மேலே பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவிச் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறாள். அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதே. கடைசியில் அவள் பேசும் இங்கிலீஷ் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அவள் மாவில் முட்டை உடைத்து ஊற்றுகிறாள். கிரேஸ் அதைப் பார்த்து, "முட்டையப் போட்டீங்கன்னா அந்த மனுசன் வாசப்படியோட திரும்பிக்கினு போயிடுவாரு" என்றாள். சரி, முட்டை வேண்டாம். நம் வீட்டுப் பழைய வடச்சட்டிக்கு ஆட்டுக்கறியும் மீனும் நன்றாகப் பழக்கம் என்பதால் புது வடச்சட்டி, புதுக் கரண்டி, விஜயபுரத்துச் செக்கிலிருந்து புதுக் கடலை எண்ணெய் எல்லாம் வந்து இறங்கின. வெள்ளிக்கிழமை ஒத்திகை. மைதா மாவையும் பாலையும் கரைத்து ஆப்பிளை முக்கிப் போட்டேனா, போட்ட உடனே மாவு தனியாகவும் ஆப்பிள் தனியாகவும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போயின. ஆப்பிளில் இருந்த ஈரத்துக்கு எண்ணெய் தீபாவளி கொண்டாட ஆரம்பித்தது. என் புருவம் போனது அப்போதுதான். நான் பின்வாங்குகிறவனா? ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடியும் அடுப்புக்கு முன்னால் நின்றேன். பக்கத்து வீட்டு ரோஜா ஜன்னல் வழியாகப் பார்த்து, "சார், எந்த ஊருக்குக் கெளம்பிக்கினு இருக்கீங்க?" என்றாள். நான் கரண்டியை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

பொரித்து எடுத்ததும் பட்டைத்தூளைத் தூவ வேண்டும். கிரேஸின் அலமாரியில் பழுப்பு நிறத்தில், பட்டை வாசனையோடு ஒரு டப்பா இருந்தது. தாராளமாகத் தூவி ஒரு கடி கடித்தேன். அக்கா, கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பில் யாரோ ஆப்பிளை நழுவ விட்டதுபோல் இருந்தது. அது கறி மசாலா. கிரேஸ் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழம அவரு இதத் துன்னுருந்தாருன்னா?" என்று நான் பதறுகிறேன், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பிள்ளையின் வாழ்க்கை ஊசலாடும்போது ஒரு தாய்க்கு இப்படியும் சிரிப்பு வருமா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சனிக்கிழமை முழுவதும் அதே வேலையாக இருந்தேன். நடுவிலிருக்கும் விதைப்பகுதியை பாட்டில் மூடியால் அழுத்தி எடுத்தால் வளையம் அழகாக வருகிறது. துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, உலர்ந்த மாவில் ஒருமுறை புரட்டிவிட்டுக் கரைத்த மாவில் முக்கினால் மாவு கழலாமல் நிற்கிறது. சாயங்காலம் பொன்னிறத்தில் ஒரு தட்டு எடுத்தேன். வெளியே மொறுமொறு, உள்ளே ஜாம் மாதிரி. நானும் ஜெர்ரியும் நின்றபடியே காலி செய்தோம். நான் அவனைக் கட்டிப்பிடித்து, "ஜெயிச்சிட்டோம்டா!" என்று கத்தினேன்.

நேற்று ஆராதனை முடிந்து வேகமாக வந்து மாவைக் கரைப்பதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது. நரசிம்மன் நல்ல உயரம், நெற்றியில் பளிச்சென்று திருநாமம், கக்கத்தில் தண்ணீர் பாட்டில். கூடவே அவர் மனைவி லட்சுமம்மா. அந்த அம்மாளுக்குத் தமிழும் வரும், தெலுங்கும் வரும், ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தார்கள். காபி என்றோம். "பழக்கமில்லைங்க" என்றார். தண்ணீர் என்றோம். பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். மழையைப் பற்றிப் பேசினோம், அது தீர்ந்துபோயிற்று. திருப்பதி டிராஃபிக்கைப் பற்றிப் பேசினோம், அதுவும் தீர்ந்துபோயிற்று. ஜெர்ரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன் வார்த்தைகள் வேறு காதில் விழுந்துகொண்டே இருந்தன. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்கு ஓடி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எண்ணெயைக் காய வைத்தேன்.

பதற்றத்தில் ஆப்பிளின் ஈரத்தை ஒற்ற மறந்தேன். முதல் வளையம் எண்ணெயில் இறங்கியது, மாவெல்லாம் கழன்றுகொண்டது, சடசடவென்று சத்தம். "ஐயோ, போச்சே!" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே அலறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அடுப்படி வாசலில் நரசிம்மன்.

"என்ன சார் பண்ணிக்கினு இருக்கீங்க?"

நான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புது வடச்சட்டி, புது எண்ணெய், முட்டை கிடையாது, நீங்கள் அனுப்பிய அதே ஆப்பிள். "நீங்க பழம் மட்டும் சாப்பிடுவீங்கன்னு பையன் சொன்னான். அதான் பழத்தையே..." என்று இழுத்தேன்.

அவர் வடச்சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நீண்ட நேரம் யோசித்தார். "சார், இது இப்போ பழமா, பலகாரமா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை அக்கா. உண்மையாகவே அவருக்குச் சந்தேகம். எனக்கும் சந்தேகம்தான். "மாவு போட்டா பலகாரம், போடலன்னா பழம்" என்றேன், வேறென்ன சொல்வது? அவர் கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, மாவெல்லாம் கழன்று மொட்டையாக மிதந்த அந்த முதல் வளையத்தைத் தூக்கி எடுத்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மாவே இல்லியே சார்."

"இல்லீங்க."

பின்னாலிருந்து லட்சுமம்மா, "பண்டே கதண்டி, தினண்டி!" என்றார். பழம்தானே, சாப்பிடுங்கள் என்று அந்த அம்மாள் சொன்ன வேகத்தில் எனக்கே வாயில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. நரசிம்மன் கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, அதைச் சர்க்கரையில் புரட்டி வாயில் போட்டார். சுடச்சுட! "ஆ, ஆ" என்று கையை உதறினார். அவருடைய பாட்டில் கூடத்தில் இருந்தது. கிரேஸ் நம் வீட்டு டம்ளரில் தண்ணீரை நீட்டினாள். யோசிக்க அவருக்கு ஏது நேரம்? மடமடவென்று குடித்துவிட்டார். அக்கா, நம் வீட்டுப் பச்சத்தண்ணி!

குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அவர் மெதுவாக, "இன்னொண்ணு போடுங்க சார்" என்றார்.

அடுத்த வளையத்தில் ஒரு ஓரமாக மாவு ஒட்டிக்கொண்டிருந்தது. "பெரும்பாகம் பழந்தான்" என்று சொல்லிச் சாப்பிட்டார். அதற்கடுத்ததில் பாதிக்குப் பாதி. "உள்ளே பழம் இருக்குதில்ல?" என்றார். அப்புறம் நான் ஈரத்தை ஒற்றிப் பக்குவமாகப் போட்டு, முழுவதும் மாவு மூடி உப்பி வந்ததைக் கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொண்டார். "நவுருங்க சார், நீங்க ரொம்ப சீக்கிரம் திருப்புறீங்க" என்று என் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு அவரே பொரிக்க ஆரம்பித்தார். திருநாமத்துக்கு மேலே என் ஹெல்மெட்! தீயைக் குறை என்று நானும் கூட்டு என்று அவரும் சண்டை போட்டோம். ஜெர்ரி ஓடி ஓடி ஆப்பிள் நறுக்கினான். கடைசியில் ஆப்பிள் தீர்ந்து, எண்ணெயில் உதிர்ந்து முறுகிக் கிடந்த வெறும் மாவுத்தூளை அரித்தெடுத்துச் சர்க்கரை போட்டுச் சாப்பிட்டார் அக்கா! அதில் பழம் மருந்துக்குக்கூட இல்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து, "தை மாசம் வெச்சிக்கலாமா சம்மந்தி?" என்றார். சம்பந்தி என்றார்! உங்கள் முறைப்படி சர்ச்சில் ஒன்று, எங்கள் முறைப்படி மண்டபத்தில் ஒன்று, இரண்டுக்கும் இரண்டு பக்கத்துக்காரர்களும் வர வேண்டும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய்ப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே அக்கா, கோபத்தை விட்டுவிடு. நம் வீட்டில் பச்சத்தண்ணி குடிக்காதவர்கள் என்று இனி நீ சொல்ல முடியாது. ஜெர்ரி உன் மடியில் வளர்ந்த பிள்ளை. அத்தை இல்லாமல் அவன் மணவறைக்குப் போனால் எனக்கு அது கல்யாணமாகவே இருக்காது. உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வந்துவிடு. நம் அம்மா அப்பாவுக்குத் துணையிருந்த தேவன் உன் மனதை இளக்கி, உன் முட்டியையும் பஸ் ஏறுகிற அளவுக்குப் பலப்படுத்துவாராக. கிரேஸும் ஜெர்ரியும் ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார்கள்.

உன் பாசமுள்ள தம்பி,
நேசகுமார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது, பெங்களூர் போய்ச் சேர்ந்த ஜெர்ரியிடமிருந்து போன் வந்தது. "நைனா, கோச்சிக்காத. ஆடி மாசமே நானும் ஹரியும் ரிஜிஸ்தர் பண்ணிக்கினோம்" என்றான். சாட்சிக் கையெழுத்து யார் போட்டது என்று கேட்டேன். ஒன்று லட்சுமம்மாவாம். இன்னொன்று கிரேஸ்! பல் டாக்டரைப் பார்க்கப் பெங்களூர் போகிறேன் என்றாளே, அந்தப் பல்! "அப்புறம் எதுக்குடி என்ன எண்ணெயில வேக வெச்ச?" என்று அவளைக் கேட்டால், "நாங்க கையெழுத்து போட்டா போதுமா? நீங்க ரெண்டு நைனாங்களும் ஒண்ணா உக்காந்து துன்ன வேணாமா?" என்கிறாள். உடனே நரசிம்மனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்போ நமக்கு மட்டுந்தான் தெரியாதா சம்மந்தி?" என்றார்.

இந்த மாதிரி கல்யாணத்துக்கு மூன்று சாட்சி வேண்டுமாமே. மூன்றாவது ஆள் யார் என்று ஜெர்ரியிடம் கேட்டேன். சொல்லிவிட்டான் அக்கா. அப்போ உன் கோபமும் கிரேஸின் பல்வலி மாதிரிதானா? முட்டிவலியோடு பெங்களூர் வரைக்கும் எப்படிப் போனாய்?