வெறுங்கையால் தொடக் கூடாத சீர்

தங்கை குழந்தைக்குக் காதுகுத்து என்றால் மடியும் தாய்மாமனுடையது, கம்மலும் தாய்மாமனுடையது. இது ஊரறிந்த நியாயம். மடியை மட்டும் எடுத்துக்கொண்டு, கம்மல் இல்லாமல் போய் மணையில் உட்கார்ந்த தாய்மாமன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். கம்மலுக்குப் பதிலாக என்ன கொண்டு போனேன் என்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். பரவாயில்லை, எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு உங்கள் முறை வரும்.

அப்போது எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலை. அதாவது மற்றவர்கள் செய்த பொருளில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். (என் மனைவி சுமதி இதே வேலையை என் விஷயத்தில் சம்பளமில்லாமல் செய்துவந்தாள்.) கூட வேலை பார்த்த பாஸ்கர்தான் என்னை நாணயத்தில் இழுத்துவிட்டான். சில்லறைக் காசு இல்லை. விசேஷங்களின் நினைவாகக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும் வெள்ளி நாணயத் தொகுப்பு. மெத்தை வைத்த பெட்டி, எண் போட்ட சான்றிதழ், முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளும் அளவுக்குப் பளபளப்பு.

"மச்சான், இத வெள்ளின்னு நெனைக்காத. லிமிடெட் எடிஷன்" என்றான் பாஸ்கர். "அடிச்சது கொஞ்சம். ஆசப்படறவன் கோடிப் பேரு. கணக்க நீயே போட்டுக்கோ."

போட்டேன். எனக்குக் கணக்கு வேகமாக வரும். விடைதான் தப்பாக வரும்.

செல்போனில் ஒரு குழு இருந்தது. என்னையும் அதில் சேர்த்துவிட்டான். ஆவடியிலிருந்து ஒருவர் காலையில் காபி குடிப்பதற்கு முன் "இன்று மேலும் ஏறிவிட்டது" என்று எழுதுவார். பூந்தமல்லிக்காரர் உடனே கும்பிடும் கைப் படம் போடுவார். நான் கட்டைவிரல் போடுவேன். யார் விற்றது, யார் வாங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல காரியம் நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். மாலைக்குள் எல்லோரும் பணக்காரர்களாகி, மறுநாள் பஸ்ஸுக்குச் சில்லறை தேடுவோம்.

குழுவின் முதல் விதி, வெறுங்கையால் நாணயத்தைத் தொடக் கூடாது. ரேகை பதிந்தால் விலை போச்சு. கம்பெனியில் அளவு சரிபார்க்கும் எஃகுக் கட்டைகளைக் கையாள வெள்ளைக் கையுறை கொடுப்பார்கள். அதில் சில ஜோடிகள் என்னோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தன. (முதலாளி இதைப் படிக்க மாட்டார் என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.) வெள்ளிக்கிழமைதோறும் கையுறை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளைத் திறந்து பார்த்து மூடுவேன்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படி உத்துப் பாக்கல நீங்க" என்பாள் சுமதி.

இந்த நிலையில்தான் நூம்பலில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை கலாவின் பெண்ணுக்குக் காதுகுத்து வைத்தார்கள். சுமதி தன் சீட்டுப் பணத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "கம்மல் வாங்கிடுங்க, கலாவுக்கு அங்க தலை நிமிரணும்" என்றாள். அந்த வாரம் பார்த்துப் புதிய தொகுப்பு ஒன்று வெளியாகித் தொலைத்தது. என் மூளை வேலை செய்தது. பணத்தைத் தொகுப்பில் போடுவது, விசேஷத்துக்கு முந்தைய வாரம் குழுவில் விற்பது, வந்த காசில் கம்மலோடு வளையலும் வாங்கி நூம்பலையே அசத்துவது.

முந்தைய வாரம் வந்தது. "ஒரு தொகுப்பு விற்பனைக்கு" என்று எழுதினேன். ஆவடிக்காரர் அன்று காபியே குடிக்கவில்லை போலிருக்கிறது. பூந்தமல்லிக்காரர் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டார். விலையைக் குறைத்து எழுதினேன். இன்னும் இரண்டு பேர் கோயிலுக்குப் போனார்கள். கடைசியில் பாஸ்கரையே கேட்டேன்.

"இப்போ விக்கற நேரமில்ல மச்சான்."

"நான் விக்கறேன், நீ வாங்கிக்கோடா."

"இப்போ வாங்கற நேரமும் இல்ல மச்சான்."

முட்டாளுக்கும் மேதைக்கும் உள்ள வித்தியாசம், முட்டாள் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொள்வான். நான் மேதை. தொகுப்பையே சீராக வைத்துவிட முடிவு செய்தேன். கம்மல் தேயும், இது ஏறும், ஒரு நாள் என் மருமகள் இதை விற்றுக் கல்யாணம் செய்துகொள்வாள் என்று எனக்கு நானே சொல்லி, கண் கலங்கவும் செய்தேன்.

"கம்மல் எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள் சுமதி, வண்டியில் ஏறும்போது.

"அதவிடப் பெருசு எடுத்திருக்கேன்" என்றேன். பொய் இல்லையே.

வழி முழுக்கப் பள்ளமும் புழுதியும். பெட்டியைத் துண்டில் சுற்றி, என் ஹெல்மெட்டுக்குள் வைத்து, அதை சுமதியின் மடியில் கொடுத்திருந்தேன். என் தலை வெறுமையாக இருந்தது. (அன்றைய நிலவரப்படி சரியான ஏற்பாடுதான்.)

கலாவின் வீட்டு வாசலில் பந்தல், ஸ்பீக்கரில் பாட்டு, வரிசையாகச் சீர்த் தட்டுகள். நடுத் தட்டில் என் பெட்டி. சீர் என்றால் நான்கு பெண்கள் எடுத்துப் பார்த்து, கையில் எடை போட்டு, திருப்பிப் பார்த்து, "ம்" என்று சொல்ல வேண்டும். தொட்டுப் பார்க்காத சீர் சீரே இல்லை. கலாவின் மாமியார் தனபாக்கியம் அத்தை அந்த வரிசையில் முதல் ஆள். நூம்பலில் வீட்டு மனைகள் போடுவதற்கு முன்னாலிருந்து இருக்கிற குடும்பம். அவர் "ம்" சொன்னால்தான் தெருவே "ம்" சொல்லும். அவர் பெட்டியைத் திறந்தார், உள்ளிருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்தார், நாணயத்தை நோக்கி விரலை நீட்டினார். சற்று முன்புதான் சந்தனம் கரைத்த விரல்.

"தொடாதீங்க."

மெதுவாகச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் ஸ்பீக்கர்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.

சம்பந்தி வீட்டு வாசலில் நின்றுகொண்டு, சம்பந்தியம்மாவைப் பார்த்து, தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். கலா கையில் குழந்தையோடு நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவேன், அந்த வீட்டில் காலம் முழுக்க இருக்கப்போகிறவள் அவள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னா நைனா, எங்க கை பட்டா தீட்டா?" என்றார் அத்தை.

அங்கே காலில் விழுந்திருந்தால் கதை முடிந்திருக்கும். நான் பளபளப்பு, ரேகை, மறுவிற்பனை என்று பிரசங்கம் செய்துவிட்டு, பையிலிருந்து கையுறைகளை எடுத்து நீட்டினேன். அத்தை என்னைப் பார்த்தார். கையுறையைப் பார்த்தார். மாட்டிக்கொண்டார். பின்னால் நின்ற மூன்று பெண்களும் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். போட்டோகாரர் விடுவாரா? கலா வீட்டு ஆல்பத்தில் இன்றும் பட்டுப்புடவை கட்டிய நான்கு பேர் ஆபரேஷனுக்குத் தயாராக நிற்கிறார்கள்.

அடுத்து ஆசாரி வந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை என் மடியில்.

"கம்மல் குடுங்க தம்பி."

"இத வித்தா நாலு கம்மல் வாங்கலாம்ங்க" என்று தட்டைக் காட்டினேன்.

"அப்பறமா வித்துக்கலாம். இப்போ காதுல இன்னாத்த மாட்றது?"

சுமதி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத என்னிடம் தமிழ் இல்லை. பந்தலில் முணுமுணுப்பு கிளம்பியது. கலா தலையைக் குனிந்துகொண்டாள். அவமானம் எனக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

தனபாக்கியம் அத்தை கையுறையோடு விறுவிறுவென்று உள்ளே போனார். வரும்போது வெள்ளை உள்ளங்கையில் ஒரு ஜோடிச் சின்னக் கம்மல்.

"தம்பி உள்ள குடுத்து வச்சிட்டு மறந்துட்டாரு" என்றார், தெருமுனை வரை கேட்கும்படி. "இந்தாங்க ஆசாரி, தாய்மாமன் கம்மல்."

ஒருவரும் நம்பவில்லை. ஆனால் அவர் சொல்லிவிட்ட பிறகு மறுத்துப் பேச அந்தத் தெருவில் ஆள் இல்லை. ஸ்பீக்கர்காரர் மறுபடி பாட்டைப் போட்டார். அத்தை என் காதருகே குனிந்து, "தாய்மாமன நம்பி பந்தி போடுவோம் நைனா. கம்மல் மட்டும் ஒண்ணு தனியா எடுத்து வச்சிகினுதான் கீறது" என்றார்.

ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. அத்தை சற்றும் யோசிக்காமல் ஒரு நாணயத்தைப் பெட்டியிலிருந்து பிடுங்கி அதன் கையில் கொடுத்தார். குழந்தை அதை வாயில் போட்டுக் கடித்தது, அழுகையை நிறுத்தியது. ரேகைக்கே விலை போகும் என்றால் பல்லுக்கு என்ன போகும் என்று நான் கணக்குப் போடவில்லை. மறுவாரம் அதில் ஓட்டை போட்டு அரைஞாணில் கட்டிவிட்டார்கள். மிச்சத் தொகுப்புகளைக் கடையில் வெறும் வெள்ளி எடைக்குப் போட்டு, அதே மாதிரி ஒரு ஜோடி கம்மல் வாங்கி அத்தைக்குத் திருப்பிக் கொடுத்தேன். பெட்டிகளில் சுமதி ஊக்கும் ஹேர்பின்னும் போட்டு வைத்திருக்கிறாள். பாஸ்கர் மட்டும் இன்றும், "அவசரப்பட்டுட்டியே மச்சான்" என்கிறான். அவன் இன்னும் விற்கவில்லை. விற்க முடியவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறான்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் நான் எது கொண்டு போனாலும், ஆப்பிள் ஆனாலும் அல்வா ஆனாலும், "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

போன வருடம் கலாவின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. இந்த முறை கம்மலை சுமதியே வாங்கி, சுமதியே கொண்டு வந்தாள். நான் மடியை மட்டும் கொண்டு போனேன். மணையில் உட்கார்ந்து கை நீட்டினால், அத்தை குழந்தையைக் கொடுக்காமல் நின்றார். இடுப்பில் செருகியிருந்ததை உருவினார். அதே கையுறைகள், துவைத்து, மடித்து. பந்தல் மொத்தமும் காத்திருக்க, நிதானமாக மாட்டிக்கொண்டு, பேரனை இரண்டு கையிலும் ஏந்தி என் முன்னால் நீட்டினார்.

நானும் விளையாட்டாக, "எனக்கு கிளவுஸ் இல்லையா அத்தை?" என்றேன்.

"எங்க ஊட்டு லிமிட்டெட் எடிஷன் நைனா இது. நீ தாய்மாமன். வெறுங்கையாலயே வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டேன். பையன் உடனே என் வேட்டியை நனைத்துவிட்டான்.