முப்பது மீட்டர் ரிமோட்

சாவியைக் கதவில் நுழைத்துத் திருப்பியதும் கார் அலறத் தொடங்கியது.

அஸார் பதறிப்போய் ரிமோட்டை அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. முந்தின நாள் சட்டைப்பையோடு துவைபட்டு, ராத்திரி முழுக்க அரிசி டப்பாவுக்குள் புதைந்து கிடந்த ரிமோட் அது.

"பத்து மணிக்குள்ள கிளம்பணும் அஸார்," என்றாள் அண்ணன் மனைவி ஹமீதா பானு, புது புர்காவோடு வாசலில் நின்றபடி. "இந்தத் தடவையும் என்னை விட்டுட்டுப் போனீங்கன்னா பாரு!"

அண்ணன் மூஸா துபாயிலிருந்து அதிராம்பட்டினத்துக்கு மூன்று முறை வந்திருக்கிறான். மூன்று முறையும் ஆண்கள் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக, அவள் அடுப்படியில் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கினாள். இன்று அவளே போய் நிற்பதாக முடிவு. விமானம் இரண்டு மணிக்கு.

திடீரென்று அலறல் நின்றது. தான் என்ன செய்ததால் நின்றது என்று அஸாருக்குத் தெரியவில்லை. அதனாலேயே பயம் கூடியது. கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தான்.

சாவியை மூன்று முறை போட்டு அணைக்க வேண்டும். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் கார் ஒரு முறை கீச்சிடும். பத்து விநாடிக்குள் ரிமோட்டை அமுக்க வேண்டும். இரண்டு முறை கீச்சிட்டால் ரிமோட் பதிவாகிவிட்டது.

அப்படியே செய்தான். கீச். ரிமோட்டை அமுக்கினான். கீச், கீச்.

"அல்ஹம்துலில்லாஹ்!"

இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு அமுக்கிப் பார்த்தான். அசைவில்லை. அவன் கையைக் கீழே இறக்கிய பிறகு, சாவகாசமாக, கார் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

"சாவி எங்க?" என்றாள் ஹமீதா.

"உள்ள இருக்கு மச்சி," என்றான் அண்ணியிடம்.

அடுத்த வீட்டு ஜவுளிக்கடை ஜெக்கரியா வந்து எட்டிப் பார்த்தார். "இன்னொரு ரிமோட் இருக்குமே தம்பி?"

"காக்கா துபாய்க்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்று அண்ணனைச் சொன்னான் அஸார்.

"கார் இங்க, ரிமோட் அங்கயா?"

"வாங்கி நாப்பது நாள்தான் ஓட்டினாங்க," என்றாள் ஹமீதா. "அந்த ஏக்கத்துல தலைமாட்டுல வச்சுப் படுக்குறாங்களாம். என் போட்டோவ வைக்கல."

வேறு வழியில்லாமல் அஸார் வீடியோ காலில் அண்ணனை அழைத்தான். வெள்ளைச் சுவருக்கு முன்னால் மூஸாவின் முகம் தெரிந்தது. ஏர்போர்ட்டில் இருப்பதாகச் சொன்னான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

ஹமீதா போனைப் பிடுங்கினாள். "சிரிக்காதீங்க. நீங்க வெளிய வர்றத முதல் ஆளா நான் பாக்கணும். இவ்வளவுதான் கேட்டேன்." புர்கா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூஸாவின் சிரிப்பு அடங்கியது. "அழாதம்மா. நான் இங்கேருந்து அமுக்கிப் பாக்கவா?"

"முப்பது மீட்டருக்கு மேல எட்டாதுன்னு போட்டிருக்கு காக்கா," என்றான் அஸார்.

"பிஸ்மில்லாஹ்," என்றான் மூஸா.

டக். நான்கு கதவுகளின் பூட்டுகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன.

தெருவே காரைச் சுற்றிக் கூடிவிட்டது. ஜெக்கரியா தொப்பியைக் கழற்றினார்; என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். அஸார் மேற்கே பார்த்தான். அரபிக்கடலையும் மலைகளையும் கடந்து, காவிரியோடு இறங்கி, நடவு முடிந்த வயல்களுக்கு மேலாக ஒரு விரலின் அழுத்தம் இந்தத் தெருவைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது! கையேட்டில் 'முப்பது மீட்டர்' என்றிருந்ததைப் பேனாவால் அடித்தான். தப்பு தன்னுடையதாகவும் இருக்கலாம் என்று தோன்ற, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

"இன்னொருக்கா பூட்டச் சொல்லு!" என்றார் ஜெக்கரியா.

பூட்டியது. திறந்தது. ஒவ்வொரு முறையும் தெருவே "சுப்ஹானல்லாஹ்" என்றது. ஹமீதா காரின் பானெட்டில் உள்ளங்கையை மெல்ல வைத்தாள், அவன் கையையே தொடுவதுபோல.

"நேரமாச்சு, ஏறுங்க மச்சி."

எஞ்சின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. கார் நகரும்போது எதிர்வீட்டு சாவித்திரி கையில் கரண்டியோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"எங்கம்மா ஹமீதா கிளம்பிட்ட? விடியக்காலையிலேயே வந்து இறங்கின உன் துபாய், எங்க மாடியில உக்காந்து நாலாவது தோசை தின்னுக்கிட்டு இருக்கு!"