மூன்று வாரச் சீட்டும் நான்கு வருட மாங்கன்றும்

மாந்தளிரைக் கசக்கினால் ஒரு வாசனை வரும். பாதி புளிப்பு, பாதி பச்சை. மற்றவர்களுக்கு அதில் ஊறுகாய் ஞாபகம் வரலாம். எனக்கு அனுமதிச் சீட்டு ஞாபகம் வருகிறது. கூடவே, இருபது வயதில் நான் எப்பேர்ப்பட்ட மடையன் என்பதும்.

இரண்டாம் உலக யுத்த காலம். அக்கா கொழும்பில், ஏழு மாதக் கர்ப்பம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் அதியமான்கோட்டையில் சர்க்கார் சட்டத்துக்கும் மேலே. ஆனால் வேலை தேடி இலங்கைக்குப் போகத் தடை இருந்த நேரம்; கடலைத் தாண்டச் சர்க்கார் அனுமதியும் வேண்டுமே! மூன்று வாரத்துக்கான தற்காலிக அனுமதிச் சீட்டு; கப்பல் ஏறும் கரையில் அதிகாரி விசாரித்து முத்திரை குத்தினால்தான் செல்லும். தோப்பில் காய் பறிக்கும் சமயம், அப்பா நகர முடியாது.

"நான் போய்க் கூட்டியாரேன்" என்று மார் தட்டினேன். (கடலைப் படத்தில்கூடப் பார்த்திராதவன்.)

அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? அம்மா ஒரு மண்ணெண்ணெய் டின்னில் ஒட்டு மாங்கன்றை வைத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் ரயிலில் அதற்கு ஜன்னலோரம், எனக்குத் தரை.

கரையில் உப்புக் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. அதிகாரி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார்.

"எத்தனை நாள்?"

"மூணு வாரமுங்க. அக்காவக் கூட்டியாரதுக்குங்க."

"அது என்ன செடி?"

"ஒட்டு மாங்கன்னுங்க."

"எப்பக் காய்க்கும்?"

புத்தியுள்ளவன் இங்கே வாயை மூடியிருப்பான். மாந்தோப்புக்காரன் மகனிடம் மாமரத்தைப் பற்றிக் கேட்டால் வாய் எப்படி மூடும்?

"நல்லாப் பாத்துக்கிட்டா நாலாம் வருசமுங்க!"

"யாரு பாத்துக்கிறது?"

"நான்தாங்க! எனக்கு எல்லாம் அத்துப்படிங்க."

பேனாவை மெல்ல மூடினார். "மூணு வாரத்துக்குப் போறவன் நாலு வருசத்துக் காய்க்குக் காவல் இருப்பானாம். ஏம்பா, வேலை தேடித்தானே போறே? திரும்பி வருவேன்னு உங்க ஊர் மணியகாரர்கிட்ட எழுத்து வாங்கிட்டு வா."

தற்காலிக அனுமதி என்பது போவதற்கான அனுமதி என்றே நினைத்திருந்தேன். அது திரும்பி வருவதற்குக் கொடுக்கும் வாக்கு. இது புரிய எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

அப்பாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டுச் சத்திரத்தில் படுத்தேன். அக்கா இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று சபதம். எட்டாம் மாதம் தொடங்கிவிட்டால் அவளைக் கப்பலில் ஏற்ற முடியாது. நாட்களை விரலில் எண்ணினேன். தினமும் அலுவலகம் திறக்குமுன் வரிசையில் நான்தான் முதல் ஆள். இரண்டாம் நாள் ஆவேசம் வந்து, கன்றை அலுவலக வேலியோரம் நட்டே விட்டேன்.

"பாருங்க, நட்டுட்டேன்! அங்க கொண்டு போகல. இப்பவாச்சும் நம்புறீங்களா?"

"நம்புறேன்" என்றார் அதிகாரி. "நீ நாலு வருசம் இங்கயே இருக்கப் போறேன்னு நம்புறேன்."

ஆனாலும் விடவில்லை. காலையில் செடிக்கு ஒரு செம்புத் தண்ணீர், அதிகாரிக்கு ஒரு கும்பிடு. ஐந்தாம் நாள் மணியகாரரின் கடிதம் வந்தது. டப்! முத்திரை விழுந்த அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது. சீட்டைக் கொடியாக ஆட்டிக்கொண்டு, மணல் தெறிக்க, கப்பலை நோக்கி ஓடினேன்.

கப்பலிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில், வயிற்றைப் பிடித்தபடி, அக்கா. பின்னால் பெட்டியோடு அவள் கணவர், என் மாமா.

"இங்க என்னடா பண்ற?" என்றாள் அக்கா.

"உன்னக் கூட்டியாரப் போறேன்க்கா" என்றேன், முத்திரையைக் காட்டி.

வருவதாக நான் எழுதியிருந்த தேதியில் வந்து சேராததால் பயந்துபோய், மாமாவே அழைத்து வந்துவிட்டாராம். அக்கா சிரித்த சிரிப்பில், அங்கேயே பிள்ளை பிறந்துவிடுமோ என்று மாமாவின் பெட்டியை வாங்கிப் போட்டு அவளை உட்காரவைத்தேன். மாமாவிடம் இருந்ததும் தற்காலிகச் சீட்டுதான். அன்று மாலைக் கப்பலிலேயே அவர் திரும்பியாக வேண்டும்.

ஏறுமுன் என் தோளில் கை வைத்து அவர் சொன்னதை, இன்றைக்கும் நான் செருப்பை மாட்டும்போதெல்லாம் வீட்டில் யாராவது சொல்லிக் காட்டுகிறார்கள். சங்கு ஊதியது. மாமாவின் முகத்தில் சிரிப்பே இல்லை.

"மாப்ளே, அடுத்த பிரசவத்துக்கும் நீதான் வந்து கூட்டிக்கிட்டுப் போகணும். இப்பவே கெளம்பிடு."