ஓவசியரின் பலாக்காய் ஆடு

யாழ்ப்பாணத்தில் ஆட்டிறைச்சியைத் தொடாமல் வாழ்ந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆட்டைத் தொடாமலே ஆட்டிறைச்சி ஆக்கப் பார்த்தவர் எங்கள் ஓவசியர் ஒருவர்தான்.

பருத்தித்துறை வீதிக்குக் கல்லும் தாரும் போடுவிப்பது அவர் உத்தியோகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புத்தூருக்குப் படிப்பிக்கப் போன நான், அவர் வீட்டு விறாந்தை அறையில் குடியிருந்தேன். சாப்பாடும் அங்கேயேதான்.

நான் போவதற்கு முந்திய வருடம் அவர் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, நெருப்புக் காய்ச்சல் கண்டு, பரியாரியாரும் கையை விரித்துவிட்டாராம். ஓவசியர் அம்மன் கோயில் வாசலில் விழுந்து, "இவள் தப்பினால் சாகுமட்டும் மச்சம் தொடேன்" என்று நேர்ந்துகொண்டார். மீன், இறைச்சி எல்லாமே எங்களுக்கு மச்சம்தான். அக்கா தப்பிவிட்டார். தப்பியவர் முதலில் கேட்டது மீன் குழம்பு.

"நேர்ந்தது நீங்கள். நான் ஏன் பட்டினி கிடக்கவேணும்?" என்றாராம்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு அடுப்பு. குசினிக்குள் சைவம், வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் அக்காவின் மச்சச் சட்டி. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டி கொதிக்கும்போது காற்று ஓவசியர் இருக்கும் பக்கம் பார்த்தே வீசும். மனிதர் எத்தனை நாள் பொறுப்பார்? குசினிக்குள் புகுந்தார்.

முதலில் மீன். வாழைப்பூப் பொத்தியை அரைத்து, உளுத்தம்மாவில் பிசைந்து, மீன் போலவே வெட்டிப் பொரித்தார். முதல் வாயிலேயே என் தொண்டையில் எதுவோ குத்தியது.

"அண்ணை, உள்ளுக்கை என்ன கிடக்கு?"

"ஈர்க்கு! முள்ளில்லாமல் என்ன மீன்? குத்திச்சுதோ?"

"குத்திச்சுது."

"அப்ப வெற்றி!" என்று துள்ளினார். அக்கா சோற்றை உருட்டி என் வாய்க்குள் திணித்துக்கொண்டே, "மாஸ்டரைக் கொல்லாமல் விடமாட்டியள் போலை" என்றார்.

பிறகு ஆடு. பிஞ்சுப் பலாக்காயை அடிக்கோல் வைத்து ஓரங்குலத் துண்டுகளாக அளந்து வெட்டுவார். வீதிக்குக் கல் பரப்புவதுபோலச் சட்டியில் ஒரு படை பலாக்காய், ஒரு படை சரக்குத்தூள். எலும்புக்கு முருங்கைக்காய். உறிஞ்சினால் எலும்புக்குள் இருக்கும் மூளை வருமாம்! அக்காவின் சட்டியிலும் அவர் சட்டியிலும் சாப்பிடுகிறவன் நான் ஒருவனே என்பதால் நானே நீதிபதி.

"மாஸ்டர், நீர் சோதனைத்தாள் திருத்திற ஆள். பயப்பிடாமல் சொல்லும். பத்துக்கு எத்தினை?"

நான் நாலு என்பேன். முகம் வாடும். ஐந்தாக்குவேன்.

இனிச் சொல்லப்போவதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஒரு ஞாயிறு, அவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரம், அக்காவின் சட்டியிலிருந்து எலும்பில்லாத மூன்று துண்டை எடுத்து அவர் சட்டியில் போட்டுவிட்டேன். இளவயதுக் கொழுப்பு. வேறு நியாயம் இல்லை.

ஓவசியர் வந்து உட்கார்ந்தார். நான் போட்டதில் ஒரு துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடி மென்றார்.

"பிழைச்சுப் போச்சு மாஸ்டர். காய் முத்தல். இறைச்சிக்குக் கிட்டவும் வரேல்லை. பத்துக்கு ரண்டு."

மிச்சத்தை நாய்க்குக் கொட்டினார். அதுவரை அவர் பலாக்காயை மணந்தும் பாராத நாய், நிலத்தையும் சேர்த்து நக்கியது. "பாவம், உதுக்கு ருசி தெரியாது" என்றார்.

நான் கிணற்றடிக்கு ஓடி, வாழை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்போதுதான் வீட்டுக்குள் அக்கா தும்மினார். ஒன்று. இரண்டு. மூன்று.

சிரிப்பு அப்படியே உறைந்தது. அவர் அம்மனுக்கு வைத்த நேர்த்தி முறிந்துவிட்டது. முறித்தவன் நான்.

மறுநாள் அக்காவுக்குக் காய்ச்சலும் காய்ந்தது. நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கொத்தமல்லி அவித்தேன், நெற்றியைத் தொட்டேன், அரைமணிக்கு ஒருதரம் கதவடியில் போய் நின்றேன்.

"மாஸ்டர், எனக்குத் தடிமன்தான், வெறும் சளிக் காய்ச்சல். நீர் செத்தவீட்டு முகத்தோடை நிண்டால் எனக்கே பயமாக் கிடக்கு. போம் அங்காலை!"

போனேன், அதே அம்மன் வாசலுக்கு. "அவர் அறியாமல் தின்றார். அவர் நேர்த்தியை இனி நானும் சுமக்கிறேன். அக்காவை விட்டுவிடு" என்று விழுந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா எழும்பி நண்டுக் குழம்பு வைத்தார்.

அடுத்த ஞாயிறு இறைச்சியை வேண்டாம் என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் வேண்டாம் என்றேன். ஓவசியர் என் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழும்பி அக்காவைக் கூப்பிட்டுக் கூத்தாடினார்.

"இஞ்சாரும், ஓடியாரும்! என்ரை பலாக்காய் மாஸ்டரை மாத்திப்போட்டுது! உம்மடை ஆடு தோத்துப்போச்சு!"

தார் ஊற்றுகிறவர்களிடமும் சொன்னார், தபால்காரரிடமும் சொன்னார், கடைசிவரை சொன்னார். உண்மையைச் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவர் காலமானபின்பும் அக்கா வெகுகாலம் மீனும் நண்டுமாகச் சுகமாக இருந்தார். அவரிடமும் சொல்லவில்லை.

என் நேர்த்தி இன்னும் முறியவில்லை. ஆட்டிறைச்சியின் ருசி எனக்கு மறந்தே போய்விட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பிஞ்சுப் பலாக்காயை அடிக்கோல் வைத்து அளந்து வெட்டுகிறேன். இறைச்சி மாதிரி வரவேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. அவருடையது மாதிரி வந்தால் போதும். இன்னும் வரவில்லை. போன ஞாயிறு பத்துக்கு நாலு.